பின்கதவு பீடிங்

தம்பி! ஏனுங் தம்பி! அந்தப் பெல்ல அடிச்சுட்டே இருக்காதீங்க, ஊட்டுல ஆளில்லீங்க. இங்க பாருங்க, இக்கட்டால, இந்தப் பக்கமா. மாமரத்துக்குக் கீழ. காருக்குள்ளீங்க, காருக்குள்ள. பயப்படாதீங்க, திருடனெல்லாம் இல்ல, ஊட்டுக்காரன்தான். நாச்சிமுத்துன்னு அந்தப் பொட்டி மேல எழுதியிருக்கும் பாருங்க. ஆங், அந்த நாச்சிமுத்து நான்தான். முன்னாடி இந்த முக்கோணக் கண்ணாடி தொறந்திருக்குது பாத்தீங்களா, அதுக்கிட்ட வாங்க. இந்த வண்டியில இப்ப அது ஒண்ணுதான் தொறக்கும்.

பொட்டியச் சித்தக் குலுக்குங்க. கிலுகிலுங்குதா? அட கெரகமே! வந்தே வந்துருச்சு பாருங்க. இதுக்குத்தான் நாயாப் பேயாக் காத்துட்டிருந்தேன். வர்றதுதான் வருது, நான் பூட்டுன காருக்குள்ள உக்காந்திருக்கறப்பத்தான் வரோணுமா? குடுங்க இப்படி. இந்தச் சந்துல நொழையாதா? திருப்பி விட்டுப் பாருங்க. ம்ஹூம். வேண்டாம், வேண்டாம், அமுக்காதீங்க. பொட்டி நசுங்குனா நசுங்கட்டும், கண்ணாடியச் சுத்தி இருக்கற ரப்பரு போயிரும்.

என்னமோ நம்பரு கேக்கறீங்க. அது என்ற சம்சாரத்தோட போனுக்குத்தான் வருமுங்க. வசந்தாமணின்னு பேரு. எனக்கு அந்த வெரலுல தேய்க்கற போனெல்லாம் ஆவாது. ஒரு பட்டன் போனு இருக்குது, அதும் ஊட்டுக்குள்ள சார்ஜுல கெடக்குது. நீங்களே அவளுக்கு அடிச்சுப் பாருங்க. எடுக்கலியா? எடுக்க மாட்டா. விருந்து ஊட்டுல இருக்கறா, ஒறம்பரைச் சனம் பேசற சத்தத்துல கேட்டிருக்காது. சித்த பொறுத்து அடிங்க. அந்த நம்பரு இல்லாம நீங்க பொட்டியக் குடுக்க முடியாது, சாவி இல்லாம என்னால வெளிய வர முடியாது. அப்படி அந்தத் தொட்டித் திண்டு மேல உக்காருங்க. நெழலு இருக்குது.

எப்படி மாட்டுனேன்னுதான பாக்கறீங்க? சிரிக்காமக் கேட்டா சொல்றேன்.

இந்தப் பின்கதவப் பாருங்க. கண்ணாடிக்குக் கீழ நெடுகப் பளபளன்னு ஒரு பட்டை ஓடுதுல்ல, அதுக்குப் பேரு பீடிங். ஃபியட்டு வண்டிக்கு அழகே அதானுங்க. அத கதவோட புடிச்சு வெக்கறது கிளிப்பு. நகத்தளவு இருக்கும், நடுவுல ஒரு சின்ன போல்ட்டு. போல்ட்டு கதவு ஓட்டையில நொழைஞ்சு உள்பக்கமா வரும், அதுல நட்டு போட்டு முடுக்கோணும். அப்ப என்ன பண்ணோணும்? கதவுக்கு உள்பக்க அட்டையக் கழட்டோணும். அட்டையக் கழட்டோணும்னா கைப்பிடியக் கழட்டோணும், கண்ணாடி ஏத்தி எறக்கற கைப்பிடியவும் கழட்டோணும். நான் நாலு கதவுலயும் ஒரேயடியாக் கழட்டிட்டேன். ஒவ்வொண்ணாப் பண்ணுனா ஒண்ணுக்கொண்ணு மட்டம் வராதுங்க. பம்புசெட்டு கம்பெனியில ஸ்டோர்ஸ் பாத்த ஆளு நான், ஒரு வேலைன்னா முழுசா எறங்கிச் செய்யறதுதான் எனக்குப் பழக்கம். கதவு ஆடுனா நட்டு நேரா ஏறாதுன்னு மூணு கதவ உள்ளயே பூட்டிட்டுத்தான் கைப்பிடியக் கழட்டுனேன். இந்த டிரைவர் கதவு ஒண்ணுதான் போக வர. அதுக்குச் சாவி வெளிய.

இது ஒத்த ஆளு பண்ற வேலை இல்லீங்க. உள்ள ஒருத்தரு நட்டு முடுக்கறப்ப, வெளிய ஒருத்தரு பீடிங்க அமுக்கிப் புடிச்சுட்டே நிக்கோணும். வெளிய நிக்கறது எப்பவுமே வசந்தாமணிதான். வண்டி வாங்குனதுலருந்து அவதான் புடிப்பா. நல்லாப் புடிப்பா, அதுல கொற சொல்ல மாட்டேன். ஒரு பேச்சுப் பேச மாட்டா, அப்படியே கதவு மேல கைய வெச்சு அமுக்கிட்டு எங்கியோ பாத்துட்டு நிப்பா. காலையிலயும் புடிச்சுட்டுத்தான் நின்னா. வேன் வந்து ஆரன் அடிக்குது, ஒறம்பரையெல்லாம் ஏறி உக்காந்துட்டாங்க. ஏனுங்க நேரமாச்சுங்கறா. பத்தே நிமிசம் அம்மிணி, இந்த மூலைக் கிளிப்பு ஒண்ணு மட்டும்னேன். நானோ பின்சீட்டுல படுத்துட்டு ஸ்பேனரோட மல்லுக்கட்டிட்டு இருக்கறேன். பாத்தா, அமுக்கிட்டிருந்த கைய எடுத்துட்டா. பீடிங்கு லொடக்குன்னு தொங்குது. அடியே, புடிடின்னு கத்தறேன். இந்த டிரைவர் கதவு சாத்தற சத்தம் கேட்டுது. அப்பறம் ‘டக்கு’ன்னு ஒரு சத்தம்.

பூட்டிட்டுப் போயிட்டா தம்பி! பழக்க தோசம். எங்க போனாலும் பூட்டிட்டுப் போற கை. ஊட்டப் பூட்டுவா, பீரோவப் பூட்டுவா, அதே நெனப்புல காரையும் பூட்டிட்டா. புருசன் உள்ள இருக்கறான்ங்கறதே மறந்து போயிருக்குது அவளுக்கு. அவ்வளவு பரபரப்பு, பாவம்.

அதுக்கும் மேல கேளுங்க. கழட்டுன கைப்பிடி, திருகாணி எல்லாத்தையும் ஒரு பிஸ்கட்டு டப்பாவுல போட்டு, பத்திரமா வெச்சுக்கோன்னு அவ கையிலதான் குடுத்தேன். அதே மாதிரி இன்னொரு டப்பாவுல சம்பந்தி ஊட்டுக்கு முறுக்கு சுட்டு வெச்சிருந்தா. அவசரத்துல டப்பா மாத்தி எடுத்துட்டுப் போயிட்டான்னு நெனைக்கறேன். சமையல்கட்டுல முறுக்கு டப்பா உக்காந்திருக்கும், உடுமலப்பேட்டையில சம்பந்தியம்மா டப்பாவத் தொறந்து பாத்துட்டு, இதென்ன கார் கைப்பிடியச் சீரா கொண்டாந்திருக்கறாங்கன்னு முழிச்சுட்டு நிக்கும். நெனைச்சா எனக்கே சிரிப்பு வருது.

கண்ணாடிய ஒடைக்கறதா? அய்யய்யோ! அந்தப் பேச்சே பேசாதீங்க. வண்டியோட பொறந்த கண்ணாடிங்க இது, மூலையில முத்திரை இருக்குது பாருங்க. ஒடைச்சா இனி இந்த சென்மத்துல கெடைக்காது. அதுக்குத்தான் நான் சத்தமே போடல. எதுத்த ஊட்டுல சின்னச்சாமின்னு ஒருத்தன் இருக்கறான். சத்தம் கேட்டா மொதல் ஆளா கல்லத் தூக்கிட்டு வந்துருவான். நாச்சிமுத்து வண்டியில ஒரு அடி போடோணும்னு எத்தன வருசமாக் காத்துட்டிருக்கறானோ. தயவுபண்ணி நீங்களும் சத்தமாப் பேசாதீங்க.

வேர்க்குதுதாங்க. முன்கண்ணாடிக்கு மேல பாதி கவர் போட்டு மூடியிருக்கறதால வெளிச்சம் வேற இல்ல. ஆனாப் பட்டினி இல்லீங்க, அதச் சொல்லோணும். அவ போனதுக்கப்பறம் முன்னாடி நகந்து வந்து பாக்கறேன், முன்சீட்டுல ஒரு கூஜாவுல தண்ணி. ஒரு தூக்குப்போசியில அஞ்சு வகைச் சோறும் கொஞ்சங் கொஞ்சம் போட்டு, ஓரத்துல நார்த்தங்கா ஊறுகா. பக்கத்துலயே பனையோல விசிறி. எல்லாம் எடுத்து வெச்சுட்டுத்தான் போயிருக்கறா. வேலை செய்யறப்ப எனக்குப் பசிக்கும்னு தெரியும் அவளுக்கு. என்னதான் மறதின்னாலும் அந்த அக்கறை இருக்குது பாருங்க, அதுல அவள அடிச்சுக்க முடியாது.

அஞ்சு வகைச் சோறு எதுக்கா? உங்களுக்கு எந்தூருங்க? திருநெல்வேலிப் பக்கமா, அதான் தெரியல. உங்க பக்கம் வளைகாப்புன்னு பண்ணுவீங்கல்ல. நாங்க கட்டுச்சோறுன்னு சொல்லுவோம். மாசமா இருக்கற புள்ளைக்குப் பொறந்த ஊட்டுலருந்து புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிருசோறு எல்லாம் கட்டி எடுத்துட்டுப் போயி, புகுந்த ஊட்டுல வெச்சு ஒறம்பரைக்கெல்லாம் போட்டு, புள்ளைக்கும் ஊட்டிவிட்டு, வளையலப் போட்டு, பிரசவத்துக்குக் கையோட கூட்டியாந்துருவோம். என்ற புள்ள சுகன்யாவுக்குத்தான் இன்னிக்குக் கட்டுச்சோறு. ஒரே புள்ள. நான் இங்க கெடக்கறேன், அங்க விருந்து நடக்குது.

எல்லாரும் வேன்ல போங்க, நான் பொறகால நம்ம வண்டிய எடுத்துட்டு வர்றேன், புள்ளைய நம்ம வண்டியிலதான் கூட்டியாரோணும்னு நான் அப்பவே சொல்லிட்டேன். இந்த வண்டி வாங்குன வருசந்தான் சுகன்யா பொறந்தா. ஆசுபத்திரியிலருந்து இதுலதான் கொண்டாந்தேன். இப்ப அவ புள்ளத்தாச்சியா வர்றப்ப பீடிங்கு லொடலொடன்னு ஆடுனா நல்லாவா இருக்கும்? பழைய கிளிப்பெல்லாம் துரு ஏறிப்போச்சு, காலையில அதையேதான் முடுக்கிட்டிருந்தேன். அதுக்குத்தான் துரு ஏறாத கிளிப்பு வேணும்னு டெல்லிக்குச் சொல்லி அனுப்புனேன். இப்ப நீங்க மடியில வெச்சிருக்கறீங்களே, அதான்.

வசந்தாமணி என்ன பண்ணுனா தெரியுமா, போன வாரம் எனக்குத் தெரியாம புள்ளையக் கூட்டியார ஒரு டாக்சி பேசி வெச்சிருக்கறா. ஏசி வண்டியாம். நான் அந்த டாக்சிக்காரனைக் கூப்புட்டு, வேண்டாம்னு சொல்லித் தாட்டி விட்டுட்டேன். சொந்த வண்டி நிக்கறப்ப வாடகை வண்டியா? என்ற மானம் என்ன ஆவறது? அன்னிக்கு ராத்திரி சண்டை கட்டுவான்னு நெனைச்சேன். கட்டல. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு விட்டுட்டேன்.

இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க. மணி போகுதா? எடுக்கலியா. இருக்கட்டும், இருக்கட்டும். பந்தி பரிமாறிட்டு இருப்பா.

அவளுக்கு என்னமோ தம்பி, இந்த வண்டியோட ஒரு ஒட்டே வரலீங்க. பஸ்சுன்னா உசிரு. டவுன்ஹாலுக்குப் போறதுன்னாலும் பஸ்சு, மார்க்கெட்டுக்குப் போறதுன்னாலும் பஸ்சு. அதுலயும் சன்னலோரந்தான் வேணும் அவளுக்கு. சன்னலோரம் கெடைக்கலன்னா, ஏற மாட்டேன்னு அடுத்த பஸ்சுக்கு நிப்பா. தலையெல்லாம் பறந்து பிச்சைக்காரி மாதிரி வந்து எறங்குவா. ஆனா மூஞ்சி அப்படி ஒரு குசாலா இருக்கும். கிறுக்கிங்க, நான் என்ன சொல்ல.

நம்ம வண்டியில சன்னலத் தொறக்க முடியாது. தொறக்க முடியாதுன்னா, தொறக்கலாம், நான் உட மாட்டேன். கண்ணாடி மேல கீழ போயிட்டு வந்தா பீடிங்க அசைக்கும், பீடிங்கு அசைஞ்சா கிளிப்பு தளரும். ஒரு பொருள வெச்சிருக்கறோம்னா அதுக்கொரு மொறை இருக்குதுல்ல. சுகன்யாவுக்குச் சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்துட்டேன். அம்மிணி, கண்ணாடியத் தொடாத, கதவு மேல சாயாதன்னு. ஒருக்கா சொன்னதுதான். அப்பறம் வண்டியில ஏறுனா ரெண்டு கையையும் மடியில வெச்சுட்டு நடுசீட்டுல உக்காந்துக்குவா. ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன், போற வழியெல்லாம் வாந்தி. பர்லியார் தாண்டுனதும் அப்பா, கொஞ்சமாத் தொறங்கப்பான்னா. நான் என்ன பண்ணுவேன்? இந்த முக்கோணக் கண்ணாடியத் தொறந்து விட்டேன், கையில ஒரு பிளாஸ்டிக் பையக் குடுத்தேன். அதுலயே எடுத்தா. சீட்டுல ஒரு சொட்டுச் சிந்தலீங்க. அவ்வளவு ஒழுக்கமான புள்ள. ஆரு புள்ள இந்தக் காலத்துல அப்படி இருக்குது, சொல்லுங்க.

கல்யாணத்தப்பதான் எனக்கு ஒரு மனவருத்தம். அதச் சொன்னா நீங்களே நாயம் சொல்லுங்க.

தாலி கட்டி முடிஞ்சுது. புள்ளையவும் மாப்ளையவும் நம்ம வண்டியில ஏத்திக்கிட்டு உடுமலப்பேட்டைக்குக் கெளம்பறோம். வண்டியெல்லாம் பூவு ஒட்டியிருந்தாங்க. எவனோ ஒரு மடையன் டேப்ப பீடிங்கு மேல ஒட்டித் தொலைச்சிருக்கறான். கெணத்துக்கடவு தாண்டுனதும் காத்துக்குப் பூமாலை பிச்சுட்டுப் பறக்குது, கூடவே பின்கதவு பீடிங்கும் போகுது. இதே கதவுதானுங்க. பீடிங்கு ரோட்டோரம் கெடச்சுருச்சு. கிளிப்பு ஒண்ணக் காணோம். நான் வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கித் தேடறேன். நல்ல வெயிலு. புதுப் பொண்ணு மாப்ள உள்ளதான் உக்காந்திருந்தாங்க, ஏத்துன கண்ணாடி ஏத்துனபடிதான். பீடிங்கு இல்லாம கண்ணாடிய எறக்குனா தூசி பூந்துரும்ல. நான் ரோட்ட அங்குலம் அங்குலமாப் பாத்துட்டே பின்னால போயிட்டிருக்கறேன். ஒரு கிளிப்புங்க. உட்டுட்டு வர முடியுமா? வசந்தாமணி ரோட்டுல நின்னு கூப்புடறா. ஏனுங்க வந்துருங்க, நல்ல நேரம் போகுதுங்கறா. இரு, இங்கதான் எங்கியோ இருக்குதுன்னேன்.

கெடச்சுருச்சு தம்பி! ஒரு எருக்கஞ்செடிக்கு அடியில கெடந்துது. கையத் தூக்கிக் காட்டிட்டு ஓடியாறேன். வந்து பாத்தா வண்டியில ஆளில்ல. மாப்ளையோட சித்தப்பன் காரு பின்னால வந்திருக்குது, எல்லாரும் அதுல ஏறிப் போயிட்டாங்க. மாப்ள மொகங்கூடச் சரியில்லன்னு பின்னால சொன்னாங்க. வசந்தாமணி மட்டும் ரோட்டோரம் நின்னா. நானும் அவளும் போறதுக்குள்ள அங்க ஆரத்தி எடுத்து, பாலும் பழமும் குடுத்து எல்லாம் முடிஞ்சு போச்சு. பெத்த அப்பன் வர்ற முட்டும் ஒரு அரை மணி நேரம் பொறுக்கக் கூடாதா? நீங்களே சொல்லுங்க. அப்பறம் சுகன்யா எங்கிட்ட ‘கிளிப்பு கெடச்சுதாங்கப்பா?’ன்னு மட்டும் கேட்டா. கெடச்சுதுடா கண்ணுன்னேன். தலைய ஆட்டிக்கிட்டா.

அவளுக்குத் தெரியுமுங்க என்னப் பத்தி.

என்ன, மணி அடிக்குதா? அவளே கூப்புடறாளா? எடுங்க, எடுங்க. சத்தமா வெச்சு இந்தச் சந்துக்கிட்ட நீட்டுங்க. வசந்தா! ஏ வசந்தாமணி! நான்தான் பேசறேன். அட, நான் காருக்குள்ள... என்ன? தம்பிகிட்டப் பேசோணுமா? பேசுங்க தம்பி, உங்களத்தான் கேக்கறா. நம்பர எழுதிக்கங்க மொதல்ல. ஆங். வந்துருச்சா? செரி.

என்ன கேக்கறா? ‘சாப்பிட்டாரா’ன்னா? சாப்பிட்டேன்னு சொல்லுங்க. ஊறுகா நல்லா இருந்துதுன்னு சொல்லுங்க. சாவி எங்கன்னு கேளுங்க தம்பி. கைப்பிடி டப்பாவக் கேளுங்க. என்னது... இருங்க, இருங்க. இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க.

ஏ வசந்தா. வசந்தா? வெச்சுட்டாளா?

கேட்டீங்கல்ல நீங்களும். என்ற காதுல உழுந்தது செரிதானுங்களா? ‘மறந்தெல்லாம் பூட்டல, தெரிஞ்சுதான் பூட்டுனேன்’னு சொன்னாளா? சாவி எங்கியும் போகல, முன்கண்ணாடி வைப்பருல, அந்தக் கவருக்கு அடியிலதான் மாட்டியிருக்குதுன்னாளே. சத்தம் போட்டு ஆரையாச்சும் கூப்புட்டு, கவரச் சித்தத் தூக்கிப் பாத்திருந்தா எப்பவோ வெளிய வந்திருக்கலாம்னு சொல்றா. கைப்பிடி டப்பாவும் மாறிப் போகலியாம், அவதான் தூக்கிட்டுப் போயிருக்கறாளாம். வந்து வாங்கிக்கச் சொல்லுங்கறா.

அது கெடக்கட்டும் தம்பி. சுகன்யா என்னமோ சொன்னான்னாளே. அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்னு புள்ள போன வாரமே சொல்லிட்டாளாமா? அப்பாகிட்டச் சொல்லாதீங்கம்மா, மனசு நொந்துருவாருன்னும் சொன்னாளாமா? வயித்துல புள்ளைய வெச்சுட்டு மூச்சடைச்சு உக்காந்து வர முடியாதும்மான்னு அழுதாளாம். அதுக்குத்தான் வசந்தா டாக்சி பேசுனாளாம். அதத்தான் நான் வேண்டாம்னு சொல்லித் தாட்டியிருக்கறேன்.

எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குதுங்க. மூச்சடைக்குதா? எம்புள்ளைக்கா? ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து சொன்னாளா? கைய மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பாளே. அது ஒழுக்கம்னுதான நான் நெனைச்சேன். அந்தக் கூஜாவுல தண்ணி இருக்குதான்னு பாக்கறேன், இருங்க.

கடைசியா ஒண்ணு சொன்னாளே, அது உங்களுக்கும் கேட்டுதா? எல்லாரும் சாப்பிட்டாச்சு, சுகன்யா மட்டும் உக்காரல. அப்பா வந்து ஒரு வாய் ஊட்டி விட்டாத்தான் சாப்பிடுவேன்னு எலைக்கிட்ட உக்காந்திருக்கறாளாம். பஸ்சுல வரச் சொல்லுங்க, வண்டி வேண்டாம், அப்பா வந்தாப் போதும்னு சுகன்யாவே சொன்னாளாம். மாசமான புள்ள. பசியோட.

ஆங், கவரத் தூக்குங்க. இருக்குதா? இருக்குது! அதே சாவிக்கொத்துதான். என்ற தலைக்கு நேரா ஒரு சாணு தூரத்துல தொங்கியிருக்குது பாருங்க, நான் பீடிங்கப் பாத்துட்டே உக்காந்திருந்திருக்கறேன். போட்டுத் திருப்புங்க. மெதுவா. சித்த இக்கட்டாலத் தூக்கி... அப்படித்தான்.

அப்பாடா.

நல்லாத்தான் காத்து அடிக்குது. இந்த வண்டிக்குள்ள இத்தன காத்து வந்து நான் பாத்ததில்லீங்க. இருங்க, கால் மரத்துப் போச்சு. ஒரு காலக் கீழ வெச்சுக்கறேன். உக்கடம் வரைக்கும் கொண்டு போயி உடறீங்களா? உங்க பைக்குலயா? ரொம்ப உபகாரமுங்க. பொள்ளாச்சி வழியா உடுமலப்பேட்டைக்கு பஸ்சு வந்துட்டே இருக்கும். நேராப் போயி உக்காந்தா, விருந்து கலையறதுக்குள்ள போயிரலாம். போயி ஊட்டி விட்டுரலாம். போகோணும் தம்பி. போகாம இருப்பேனா.

அதுக்குள்ள அந்தப் பொட்டிய இங்க குடுங்க. சும்மா பாக்கறதுக்குத்தான். நம்பருதான் வந்துருச்சுல்ல, பிரிக்கலாம்ல.

பாருங்க! பாருங்க தம்பி, என்னமா மின்னுது! துருவே ஏறாதாக்கும் இது. பின்சீட்டுக்கு நகந்து ஒண்ணே ஒண்ணப் பின்கதவு மூலையில வெச்சுப் பாக்கறேன், அளவு சரியா இருக்குதான்னு. இல்லாட்டி திருப்பி அனுப்போணும்ல. நீங்க வெளிய நின்னு அந்த பீடிங்க மட்டும் சித்த அமுக்கிப் புடிங்க. உள்ளங்கைய வெச்சு. அப்படித்தான், நல்லாப் புடிக்கறீங்க. உக்காந்துருச்சு! சொல்லி வெச்ச மாதிரி உக்காந்துருச்சு. நட்டும் நேரா ஏறுது.

இன்னும் மூலைக்கு மூலை ஒண்ணு போட்டுட்டா இந்தக் கதவு முடிஞ்சுருமுங்க. போட்டுட்டா, பஸ்சுல எதுக்குப் போகோணும்? நானே வண்டிய எடுத்துட்டுப் போயிரலாம். கண்ணாடியெல்லாம் எறக்கி உட்டு, சுகன்யாவ சன்னலோரம் உக்கார வெச்சுக் கூட்டியாரலாம். இனி கண்ணாடிய எத்தன தடவை ஏத்தி எறக்குனாலும் இந்தக் கிளிப்பு அசையாது, அதத்தான் நான் அவகிட்டச் சொல்லோணும். கைப்பிடியா? ஆமா, அது அவகிட்ட இருக்குதுல்ல. இருக்கட்டும், இந்தக் கதவு முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம். பத்தே நிமிசம். நீங்க சித்த அமுக்கிப் புடிங்க.

தம்பி? கைய எடுக்காதீங்க தம்பி. வேற டெலிவரி இருக்குதுங்களா. கெளம்போணுமா. செரி, செரி, உங்க பொழப்ப நான் கெடுக்கலாமா. எறங்கி வாங்கங்கறீங்க, வர்றேனுங்க, வர மாட்டேன்னா சொன்னேன்? வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க, அதுக்குள்ள இந்த நட்ட மட்டும்... அட, வெயிட் பண்ணச் சொல்லல. நீங்க போங்க. நான் இத முடிச்சுட்டு அடுத்த பஸ்சுக்குப் போயிக்கறேன்.

தம்பி! ஒரு நிமிசம். போறப்ப அந்த டிரைவர் கதவச் சாத்திட்டுப் போங்க. தொறந்து கெடந்தா வண்டி ஆடுது, நட்டு கோணையா ஏறுது. ஓங்கிச் சாத்தாதீங்க, கிளிப்பு தெறிச்சுரும். நல்லாப் பூட்டிருங்க. சாவிய இருந்த எடத்துலயே மாட்டிருங்க.